முதல் பருவத்திலேயே மூன்று கே.டி.: மகளின் படிப்பை நிறுத்திவிடலாமா?

தாராவியில் வசிக்கும் ஒரு தாய் நான்கு பக்கங்களில் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

அவருடைய கணவர் இளம் வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர். கணவனும் மனைவியும் வீட்டிலேயே இட்லி அவிக்கிறார்கள். அவர் அதைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார். ஒரே மகள், வயது 18. மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்துவிட்டு, எட்டாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறியவள். பத்தாம் வகுப்பில் 89 விழுக்காடும் பன்னிரண்டாம் வகுப்பில் 63 விழுக்காடும் பெற்றாள். இப்போது நவி மும்பையில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். முதல் பருவத் தேர்வில் கணிதம், மெக்கானிக்ஸ், அடிப்படை மின்னியல் ஆகிய மூன்றிலும் கே.டி., அதாவது மறுபடி எழுத வேண்டிய தோல்வி, விழுந்திருக்கிறது, மெக்கானிக்ஸ் மூன்றே மதிப்பெண்ணில் போயிருக்கிறது. கைப்பேசிதான் காரணம் என்று தந்தை அதை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். பெண்பிள்ளைக்குப் பொறியியல் மண்டையில் ஏறாது, பி.காம். போடுங்கள், இல்லையென்றால் ஊருக்கு அனுப்பி அங்கே சேருங்கள் என்கிறார் பெரியப்பா. “தமிழ்ப் பள்ளியில் போட்டதுதான் நாங்கள் செய்த தப்பா? நான் எட்டாவதோடு நின்றவள், எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. அவளுக்கு மூளை போதவில்லையா, முயற்சி போதவில்லையா? இதோடு நிறுத்திவிடலாமா?” என்று கேட்கிறார் தாய்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்குள் போவதற்கு முன்னால், மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். தேர்வு முடிவு வந்த வாரத்தில், “நான் எதுக்கும்மா பொறந்தேன்” என்று மகள் ஒரு முறை சொன்னதாகவும், கோபத்தில் சொன்னதாக நினைத்து நீங்கள் பதில் பேசாமல் இருந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது கோபத்தில் வந்த பேச்சாகவே இருக்கலாம். ஆனாலும் இன்றே அவள் அருகில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை, கேட்பது பெரும்பாலும் மனப்பாரத்தைக் குறைக்கிறது. அவள் ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவளைத் தனியே விடாமல் சயான் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கே.டி.யைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மூளையா, முயற்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் குற்றம் உங்கள் மகளுக்குள்ளேதான் இருக்கிறது என்றாகிவிடும். மாணவர்களின் படிப்பைப் பல ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பிள்ளை எதைத் தெரிந்துகொண்டு கல்லூரிக்குள் நுழைகிறது, எந்த மொழியில் கேட்கிறது, எவ்வளவு தூங்குகிறது, எப்படிப் படிக்கிறது, சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்கிறது என்பவை எல்லாம் சேர்ந்துதான் மதிப்பெண்ணாக வருகின்றன. இந்த ஐந்தைப் பற்றியும் உங்கள் கடிதத்திலேயே தடயங்கள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் காரணங்களாக எழுதவில்லை, குடும்பச் செய்திகளாக எழுதியிருக்கிறீர்கள்.

89 என்ற எண் சொல்லாமல் விட்டது

பத்தாம் வகுப்பில் 89 எடுத்த பிள்ளை எப்படித் தோற்கும் என்று உங்கள் கணவர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகாராஷ்டிர வாரியத்தின் பத்தாம் வகுப்பு விழுக்காடு, ஆறு பாடங்களில் சிறந்த ஐந்தை வைத்துக் கணக்கிடப்படுவது. மேலும் கணிதத்தின் 100 மதிப்பெண்ணில் 20 பள்ளியே தருவது. எழுத்துத் தேர்வு 80க்குத்தான். ஆகவே பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து, கணக்கில் சேராமல் விடுபட்ட ஆறாவது பாடம் எது என்று பாருங்கள். அது கணிதமாக இருந்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்த எச்சரிக்கையை 89 என்ற எண் மறைத்துவிட்டது என்று பொருள்.

பன்னிரண்டில் 63க்கு இறங்கியபோதே அந்த ஓட்டை வெளியே தெரிந்திருக்க வேண்டும். பொறியியல் முதல் பருவக் கணிதத்தில் வரும் கலப்பெண்களும் அணிகளும் பகுதி வகையீடும், பதினொன்று பன்னிரண்டில் படித்த முக்கோணவியல், வகை நுண்கணிதம் ஆகியவற்றின் தோளில் ஏறி நிற்பவை. மெக்கானிக்ஸிலும் ஒரு விசையைக் கூறுகளாகப் பிரிக்கத் தெரியாதவருக்கு முதல் வாரத்திலேயே கதவு அடைபட்டுவிடும். எனவே அவள் மூன்று பாடங்களில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. ஒரே அடித்தளக் குறை பல இடங்களில் வெளிப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். இது உண்மையானால் நல்ல செய்திதான், ஏனென்றால் அடைக்க வேண்டிய ஓட்டை ஒன்றுதான்.

தமிழ்ப் பள்ளியில் போட்டது தப்பா?

தப்பில்லை. தாய்மொழியில் எழுத்தறிவும் எண்ணறிவும் உறுதியாகப் பெற்ற பிள்ளை, இன்னொரு மொழிக்குப் போகும்போது அதைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது, கூடுமானால் எட்டாம் வகுப்பு வரைக்கும் அதற்கு மேலும், வீட்டுமொழியில் கற்பிக்கவே பரிந்துரைக்கிறது.

தவறியது மாறிய விதம். டொராண்டோவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், புதிய மொழியில் சரளமாகப் பேசுவதும் அந்த மொழியில் பாடம் படிப்பதும் வெவ்வேறு திறன்கள் என்று 1979இல் பிரித்துக் காட்டினார். முதலாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தேவைப்படும். அதுவும் நாள் முழுதும் ஆங்கிலம் காதில் விழும் ஊர்களில் குடியேறிய பிள்ளைகளை வைத்துச் சொன்ன கணக்கு. உங்கள் மகள் எட்டாம் வகுப்பில் மாறியவள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பேருந்தில் மராத்தி. அவளுக்கு அந்த ஏழு ஆண்டுகள் இன்னும் முடியவில்லை. “இங்கிலீஷ் நல்லாத்தான் பேசுறா” என்று நீங்கள் எழுதியிருப்பது முதல் திறனைப் பற்றியது. வினாத்தாள் கேட்பது இரண்டாவதை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணித, இயற்பியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புரியாத பாடத்தை முதலில் தமிழில் படித்துவிட்டு, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் படித்தால், கருத்தோடு சொல்லும் சேர்ந்து வரும். கல்லூரிக்குப் போன பிறகு பள்ளிப் புத்தகமா என்று அவள் வெட்கப்படக்கூடும். கல்லூரி நூலகத்தில் பிரிக்க வேண்டாம், வீட்டில் பிரிக்கட்டும்.

காலை நான்கு மணித் தேங்காய்

“காலையில் நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் துருவி, சட்னி அரைத்து, பாத்திரம் கழுவித் தருவாள். மற்றபடி அவளுக்கு வீட்டில் ஒரு வேலையும் கொடுப்பதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது இந்த வரியில்தான். குறையாக இதைச் சொல்லவில்லை. இட்லித் தொழிலில் விடியலுக்கு முன்னால் இரண்டு கை எவ்வளவு போதாது என்பது தாராவித் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்து ஒரு நாளைக் கூட்டிப் பார்ப்போம். நான்கு மணிக்கு எழுகிறாள். ஏழு மணிக்குக் கிளம்பி, சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, பன்வெல் வண்டி பிடிக்கிறாள். மாலை ஆறரைக்குத் திரும்புகிறாள். ஒன்பது மணி வரை அந்த ஒரே அறையில் கிரைண்டர் ஓடுகிறது. சாப்பிட்டு, இடம் ஒதுக்கி, புத்தகத்தைத் திறக்கும்போது பத்தாகிறது, படுக்கும்போது பதினொன்றரை. ஆக, தூக்கம் நாலரை மணி நேரம்.

அவள் வயதில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை நினைவில் பதியவைக்கும் வேலையில் ஒரு பெரிய பகுதியை மூளை தூக்கத்தில்தான் செய்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது, மாவைப் புளிக்கவிடாமல் இட்லி ஊற்றுவதைப் போன்றது, உழைப்பு முழுதாக இருக்கும், இட்லி வராது. முதல் இரண்டு மணி நேர வகுப்பில் தூங்கிவிடுவதாக ஆசிரியர் சொன்னதைச் சோம்பலுக்குச் சான்றாக உங்கள் கணவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அது சோர்வுக்குச் சான்று.

வருகைப் பதிவும் இதோடு சேர்ந்ததுதான். டிஃபால்ட்டர் பட்டியலில் பெயர் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதாவது 75 விழுக்காட்டுக்குக் கீழே போயிருக்கிறது. வகுப்புக்குப் போவதில் என்ன இருக்கிறது, பிறகு நோட்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் கல்லூரி மதிப்பெண்ணோடு வருகை எந்த அளவுக்குப் பிணைந்திருக்கிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் அமெரிக்காவில் வெளியிட்ட தொகுப்பாய்வு, பள்ளி மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் விட வருகையே கல்லூரி மதிப்பெண்ணை நன்றாக முன்னறிவிக்கிறது என்று கண்டது. 89ஐ நம்பியவர்கள் 75ஐக் கவனித்திருக்க வேண்டும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், தேர்வு முடியும் வரை அவளை ஆறு மணி வரை தூங்கவிடுங்கள் என்பதுதான். தேங்காய் துருவப் பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தினம் கொஞ்சம் காசு கொடுத்துவிடலாம், ஒரு கே.டி.க்குக் கட்டும் தேர்வுக் கட்டணத்தோடும் வீணாகும் ஒரு பருவத்தோடும் ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை. கிரைண்டரின் நேரத்தை உங்களால் மாற்ற முடியாது என்றால் அவள் படிக்கும் இடத்தை மாற்றுங்கள். கல்லூரி நூலகத்தில் மாலையில் ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு வரட்டும், அல்லது வீட்டுக்கு அருகே அப்யாசிகா என்னும் பொதுப் படிப்பறை ஏதாவது இருந்தால் அங்கே போகட்டும்.

பத்து முறை படித்தும்

ஒரே பாடத்தைப் பத்து முறை படிக்கிறாள், அப்படியும் தேர்வில் எழுத வரவில்லை என்கிறீர்கள். முயற்சி போதவில்லை என்ற குற்றச்சாட்டு இதோடு முடிந்துவிடுகிறது. பத்து முறை படிப்பவள் சோம்பேறி அல்லள். ஆனால் திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத்தான் தரும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் செய்த சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள்; படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். நம்முடைய தேர்வுகள் ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

எனவே ஒரு முறை படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து அதையே மறுபடி எழுத வேண்டும். கணக்கு என்றால், சொல்யூஷன் புத்தகத்தை மறைத்து வைத்துவிட்டுப் பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்க்க வேண்டும். விடையைப் பார்த்துத் தலையாட்டுவது கணக்குப் போடுவது ஆகாது. நீங்கள் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்று வருந்துகிறீர்கள். மாவு அள்ளும் நேரத்தில் “இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு” என்று கேளுங்கள். எட்டாவது படித்த தாய்க்குத் தமிழில் விளக்க முடிந்தால், அந்தப் பாடம் அவளுக்கு வந்துவிட்டது; எங்கே திக்குகிறாளோ அங்கேதான் அவள் மறுபடி படிக்க வேண்டும். உங்கள் படிப்பு இதற்குத் தாராளமாகப் போதும்.

கைப்பேசியைப் பற்றி உங்கள் கணவரிடம் பக்குவமாகப் பேசுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அது கையில் இருப்பதை நானும் ஏற்கவில்லை. ஆனால் வகுப்புக் குழுவில்தான் நோட்ஸும் சப்மிஷன் தேதியும் வருகின்றன. பூட்டி வைத்ததில், பருவம் முழுதும் செய்யும் வேலைக்குத் தரும் டெர்ம் வொர்க் மதிப்பெண்ணும் சேர்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. பகலில் அவளிடமும் இரவு பத்தரைக்கு மேல் உங்களிடமும் இருக்கட்டும். அந்த விதி உங்கள் கணவரின் கைப்பேசிக்கும் பொருந்தினால் அவள் எதிர்க்கமாட்டாள்.

“சயானில் இருக்கிறேன்”

கல்லூரியில் தோழிகளிடம் வீடு தாராவியில் என்று சொல்லாமல் பக்கத்துப் பகுதியான சயானில் என்று சொல்கிறாள், வீட்டுக்கு யாரையும் கூட்டிவருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பொய் என்று கண்டிக்காதீர்கள். இந்த இடம் எனக்குரியதுதானா என்ற சந்தேகத்தோடு கடைசி வரிசையில் உட்காருபவள் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கமாட்டாள். கேட்டால் தெரியாதது வெளியே தெரிந்துவிடும், தெரியாதது தெரிந்தால் எங்கிருந்து வந்தவள் என்பதும் தெரிந்துவிடும் என்று மனம் கணக்குப் போடும். கல்லூரியில் வேர் பிடிக்காத மாணவரே படிப்பை விட்டுப் போகிறார் என்று வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975லேயே விளக்கினார். வேர் பிடிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு ஆசிரியருக்கு அவள் பெயர் தெரிந்திருக்க வேண்டும், ஒரு சீனியர் கே.டி.யை எழுதிக் கடந்த கதையை அவளுக்குச் சொல்ல வேண்டும், சேர்ந்து கணக்குப் போட ஒரு தோழி வேண்டும். முதலாண்டில் கே.டி. வாங்கியவர்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். தான் மட்டும் இல்லை என்பது அவளுக்கு அநேகமாகத் தெரியாது.

இனி என்ன செய்யலாம்

கே.டி. என்பது தோற்ற பாடத்தை வைத்துக்கொண்டே அடுத்த பருவத்தைத் தொடர அனுமதிக்கும் ஏற்பாடு. ஏ.டி.கே.டி. (Allowed To Keep Terms) என்ற அதன் முழுப் பெயரிலேயே அனுமதி என்ற சொல் இருக்கிறது. வெளியேற்றம் என்று வீட்டில் யாரும் படிக்க வேண்டாம். எத்தனை பாடம் வரை அடுத்த ஆண்டுக்குப் போகலாம் என்பது பாடத்திட்டத்துக்கும், கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்பதற்கும் ஏற்ப மாறும். அதனால் பெரியப்பாவிடம் கேட்காமல், கல்லூரித் தேர்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று மதிப்பெண்ணில் போன மெக்கானிக்ஸ் விடைத்தாளின் நகலையும் மறுமதிப்பீட்டையும் கேட்கலாம். திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் தகவல் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மறுமதிப்பீட்டுக்கான கெடு குறுகியது, நாளையே விசாரியுங்கள். மதிப்பெண் கூடாவிட்டாலும் எந்த இடத்தில் இழந்தாள் என்பதாவது தெரியும்.

திருநெல்வேலிக்கு மாற்றும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். நடுவில் பல்கலைக்கழகம் மாற, பாடங்கள் ஒத்துப்போக வேண்டும், அங்கே இடமும் காலியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் முதலாண்டிலிருந்து மறுபடி தொடங்குவதாகவே முடியும். அங்கே உறவினர் வீட்டில் தங்கித் தினம் ஒப்பிடப்படுவதும் அவளுக்கு நல்லதல்ல. பி.காம். தாழ்ந்த படிப்பல்ல, ஆனால் தண்டனையாகக் கொடுக்கப்படும் எந்தப் படிப்பும் உருப்படாது. “பெண்பிள்ளைக்கு ஏறாது” என்ற பேச்சுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அதை அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பண விஷயத்தில் ஒரு திருத்தம். சாதிச் சான்றிதழ் இங்கே கிடைக்காததால் எந்த உதவியும் கிடையாது என்று நினைத்திருக்கிறீர்கள். மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பும், இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு 1967 அக்டோபர் 13க்கு முன்பும் குடும்பம் இங்கே வசித்ததற்குச் சான்று வேண்டும் என்பதால், பின்னால் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் பொதுப் பிரிவில் சேர்ந்தவர்களில் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் உள்ளவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் உதவும் ராஜர்ஷி சாகு மகாராஜ் பெயரிலான மாநில அரசுத் திட்டம் இருக்கிறது. இருப்பிடச் சான்றிதழும், அரசின் மையக் கலந்தாய்வு வழியே சேர்ந்திருப்பதும் அதற்கு முக்கியம். மகாடிபிடி என்ற மாநில அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேளுங்கள்.

படிப்பை நிறுத்துவதா என்ற முடிவை இரண்டாம் பருவத் தேர்வு முடிவு வரும் வரை எடுக்காதீர்கள். தூக்கம், வருகை, படிக்கும் முறை ஆகிய மூன்றையும் மாற்றிய பிறகும் இந்தப் பாடங்கள் நகரவில்லை என்றால், அப்போது படிப்பை மாற்றுவது தோல்வியாகாது. ஒருவேளை விலகும் நிலை வந்தால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருப்பதை நினைவில் வையுங்கள்.

ஒன்று விடுபட்டுப்போகிறது. நான்கு பக்கங்களில் கணவர் சொன்னது இருக்கிறது, பெரியப்பா சொன்னது இருக்கிறது, ஆசிரியர் சொன்னதும் இருக்கிறது. பொறியியல் படிக்க அவள் விரும்பினாளா, இப்போதும் விரும்புகிறாளா என்று ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு 18 ஆகிவிட்டது, முடிவில் அவள் குரல்தான் முதலில் கேட்கப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் ஓடாத நேரமாகப் பார்த்து அவளைக் கேளுங்கள். அவள் சொல்வதை அவள் கையாலேயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த பதிலை அவளுக்கே எழுதுகிறேன்.